இல்லம் தேடி இரத்தினபுரிக்கு

கொழும்பிலிருந்து அவிசாவளை மார்க்கமாக இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளமுடையது. சென்ற பங்குனி மாதத்தில் எமது மாணவர் பதினெண்மருடன் ஒரு சிறிய பஸ் வண்டியில் அவ்வழியே சென்றோம். எஹலியகொடையைத் தாண்டியதும் மாணவன் ஒருவன் யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "சேர், வயலுக்கு நடுவிலை கிணறு வெட்டி ஏன் கூரை போட்டிருக்கிறாங்கள்?" என்று வினவினான்.

அவன் கண்டது கிணறு அன்று, மாணிக்கக் குழி. அங்கிருந்து இரத்தினபுரி வரையிலும், அப்பால் பெல்மதுளை, பலாங்கொடை, இறக்குவானை வரையிலும், ஆற்றோரத்திலும் வயலிலும் இத்தகைய குழிகள் உள்ளன. நகரின் பெயரே இரத்தினபுரி. ஆயினும் அங்கே இரத்தினம் நிலத்தின் மேலே கிடப்பதில்லை. அதைத் தாங்கிக் கிடக்கும் சரளைப் படைக்குச் சிங்கள மக்கள் 'இல்லம' என்று பெயரிட்டுள்ளனர். அது தமிழர் நாவில் 'இல்லம்' ஆகிவிடுகிறது. தமிழ் கற்பிக்கும் எமக்கு அச்சொல்லைக் கேட்டவுடன் ஒரு வியப்பு. மண்ணுக்குள் மாணிக்கம் குடியிருக்கும் வீடு! சொற்பிறப்பு வேறாயினும் பொருத்தம் நன்றாகவே இருக்கின்றது.

இரத்தினபுரிக்கு அண்மையில் ஒரு குழியருகே வண்டியை நிறுத்தினோம். குழியின் உரிமையாளர் முகங்கோணாமல் எம்மை அனுமதித்தார். நான்கு பக்கமும் கமுகந் தடிகளைச் சட்டமாக அடுக்கி, மண் சரிந்துவிடாதபடி இடையிடையே பன்னச் செடிகளைத் திணித்திருந்தார்கள். நீரிறைக்கும் இயந்திரம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. ஓரத்திலே சமன் தெய்வத்துக்கு ஏற்றிய விளக்கு ஒன்று. உள்ளே இருவர் சேற்றில் நின்று சரளையை வாரி மேலே அனுப்ப, வெளியே ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று மூங்கிற் கூடையிலிட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினார். இலேசான மணலும் களியும் விளிம்பால் வழிந்தோடின. பாரமானவை அடியிலே தங்கின. கூடையைச் சூரியனுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, விரல்களால் விலக்கி விலக்கி அவர் தேடியதைக் கண்டு எமது மாணவரும் மூச்சடக்கி நின்றனர். ஒன்றும் அகப்படவில்லை. அவர் முகத்தில் ஏமாற்றமும் இல்லை. அடுத்த கூடையை எடுத்தார்.

அக்கூடையின் சுழற்சியிலே ஒரு விஞ்ஞானப் பாடம் அடங்கியுள்ளது. நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் ஒரே கனிப்பொருளின் இரு வண்ணங்கள். குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு. இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். அக்கனிப்பொருளுக்கு உலகமெங்கும் விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் எமது 'குருந்தம்' என்னும் சொல்லிலிருந்தே சென்றது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. குருந்தம் அதே பருமனுள்ள நீரைப்போல் நான்கு மடங்கு பாரமானது. சாதாரண மணலாகிய படிகக்கல் இரண்டரை மடங்குக்குச் சற்றே அதிகம். ஆதலின் கூடையிலே மணல் ஓட, குருந்தம் தங்குகின்றது. மனிதர் கூடையால் ஒரு நாழிகையிற் செய்வதை ஆறுகள் தம் வளைவுகளிலே இலட்சக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து வைத்தன. அவ்விதம் சேர்ந்ததுதான் இல்லம்.

இன்னும் பின்னோக்கிச் செல்வோமாயின் கதை விரிகின்றது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. இற்றைக்கு ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, தென்னிந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் இத்தீவை நெருக்கி நின்றன. அந்நாளில் நிலத்தின் ஆழத்தில் நிகழ்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிறந்தவையே இக்கற்கள். பின்னர் மலை உயர்ந்தது; மழை கரைத்தது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியில் பாறை உளுத்து மண்ணாகிறது. உளுக்காத கல் மட்டும் எஞ்சுகிறது. 2021ஆம் ஆண்டில் இரத்தினபுரியிலே ஒரு வீட்டு வளவிற் கிணறு வெட்டியபோது 510 கிலோ நிறையுள்ள நீலக்கல் திரள் அகப்பட்டதென்ற செய்தியை உலகப் பத்திரிகைகள் எல்லாம் வெளியிட்டன.

ஆயின், இல்லத்திலே குடியிருப்பது மாணிக்கம் மட்டுமன்று. நகரிலுள்ள எகலப்பொல வளவில் 1988 முதல் ஒரு நூதனசாலை இயங்குகின்றது. இரத்தினக் கடைகளில் நிறையும் கூட்டத்திற் காற்பங்கு அங்கு வந்தாலும் நாம் மகிழ்வோம். குழி தோண்டுவோர் சரளையோடு சேர்த்து வெளிக்கொணர்ந்த எலும்புகளையும் பற்களையும் பார்த்து, 1939 முதல் 1963 வரை நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய போல் தெரணியகலை அவர்கள் இத்தீவில் ஒருகாலம் நீர்யானையும் காண்டாமிருகமும் உலாவினவென்று எழுதினார். குருவிட்டைப் பகுதியில் அகப்பட்ட இரு பற்களைக் கொண்டு, இங்கு சிங்கமும் வாழ்ந்ததென 1939இல் அறிவித்தவரும் அவரே. கொடியிலே மட்டும் நாம் காணும் மிருகத்தின் பல், மாணிக்கக் குழியின் கழிவிலே கிடந்தது! குருவிட்டைக்கு மேலே பட்டதொம்ப குகையிலும், கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில் பெலிலென குகையிலும் ஆதி மனிதரின் எலும்புகளும் நுண்கற் கருவிகளும் கிடைத்துள்ளன. பட்டதொம்பவில் மனிதர் வாழ்ந்து 30,000 ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

நூதனசாலையை விட்டு வெளியே வந்தபோது எமது மனத்தில் நின்றவர் வேறொருவர். 'சிவ நடனம்' பற்றி எழுதிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை எம்மவர் அறிவர். சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தராகிய அவர் இந்நாட்டுக்குக் கலை ஆராயவென்று வந்தவரல்லர். 1903ஆம் ஆண்டில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராகப் பொறுப்பேற்று, சப்ரகமுவ மலைகளிலும் ஆறுகளிலும் கற்களைத் தேடி அலைந்தவர். பலாங்கொடைப் பகுதிச் சரளையிலிருந்து 1904இல் அவர் எடுத்த கரிய, பாரமான, சிறு கனசதுரப் படிகங்கள் அதுவரை விஞ்ஞானம் அறியாத ஒரு கனிப்பொருள் என்று பின்னர் இலண்டனில் முடிவாயிற்று. தோரியம் மிக்கதாதலின் தோரியனைற்று என்று அதற்குப் பெயரிட்டனர். கல் தேடி ஊரூராகச் சென்றபோதுதான் கிராமத்துக் கைவினைகள் அழிந்துவருவதைக் கண்டு அவர் கலையின் பக்கம் திரும்பினார். இச்செய்தியைக் கூறும் ஒரு பலகையேனும் பலாங்கொடை வீதியோரத்தில் எம் கண்ணிற் படவில்லை.

பலாங்கொடைக்கு அப்பால் சமனலவாவிப் பகுதியிலே மலைச்சரிவுகளின் மேற்கு முகத்தில் பண்டைக்கால இரும்பு உலைகள் வரிசையாக இருந்தன. துருத்தியின்றி, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு அவ்வுலைகளில் உருக்கு எடுத்தனர் என்பதை ஜில் ஜூலெப் என்னும் ஆங்கிலப் பெண்மணி ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். 1994இல் அதே வகை உலையொன்றைக் கட்டி இரும்பு உருக்கியும் காட்டினார். காற்றை அறிந்தவர் வாழ்ந்த அவ்விடத்திலேயே, நிலத்தை முற்றும் அறியாமற் கட்டியதன் விளைவும் காணலாம். சமனலவாவி அணைக்கட்டில் 1992இல் நீர் நிரப்பியபோது வலப்புறக் கரையின் சுண்ணப் பாறைத் துவாரங்களால் நீர் கசிந்தோடலாயிற்று. அதே சுண்ணப் பாறைதான் கொலன்னைப் பக்கத்தில் வவுல்பனைக் குகையாகி, வௌவாற் கூட்டங்களுக்கு இடமளித்து, உள்ளே ஓர் ஓடையையும் ஓடவிடுகின்றது.

இவ்வளவும் ஒரே மாகாணத்தில்! இவற்றை ஒன்றாகக் கோத்து ஒரு பெயரால் அழைக்கும் முறை இன்று உலகில் உண்டு. அதனைப் புவிப்பூங்கா என்பர். பூங்கா என்றதும் மலர்ப்பாத்தியும் இரும்புவேலியும் நினைவுக்கு வருதல் கூடாது. ஊர்களும் வயல்களும் கோயில்களும் சந்தைகளும் உள்ள ஒரு முழு நிலப்பகுதியே புவிப்பூங்கா. அதற்குள் மக்கள் வழக்கம்போல வாழ்வர். 2000ஆம் ஆண்டில் பிரான்சு, கிரேக்கம், ஜெர்மனி, ஸ்பானியா ஆகிய நாடுகளின் நான்கு பிரதேசங்கள் கூடித் தொடங்கிய முயற்சி இது. 2015இல் யுனெஸ்கோ அதனைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. 2025 ஏப்ரலில் 50 நாடுகளில் 229 புவிப்பூங்காக்கள் இருந்தன. எம்மவர் பலர் கண்டுவந்த மலேசியத் தீவாகிய லங்காவி 2007 முதல் அவ்வரிசையில் உள்ளது. அப்பட்டியலில் இலங்கையின் பெயர் இல்லை. இந்தியாவின் பெயரும் இல்லை. ஆயினும் தமிழ்நாட்டிலே திருவக்கரையின் கல்மரங்களை இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத்துறை ஒரு பூங்காவாகக் காத்து வருகின்றது.

இவ்விருதை ஒருமுறை பெற்றுவிட்டு உறங்க முடியாது. நான்கு ஆண்டுக்கொருமுறை சோதனை வரும். குறை கண்டால் மஞ்சள் அட்டை. இரண்டாண்டில் திருந்தாவிடிற் சிவப்பு அட்டை. பந்தாட்டத்தை ஒத்த இவ்விதி எமது மாணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வேறொரு விதியோ எம்மைச் சிந்திக்கச் செய்தது. புவிப்பூங்காவை நடத்தும் சபை, கனிப்பொருளையோ புதைபடிவத்தையோ விற்கும் வியாபாரத்தில் தான் நேரே பங்குகொள்ளலாகாது. நிலத்தை அழிக்கும் கல் வியாபாரத்தை ஊக்குவித்தலும் ஆகாது. இரத்தினபுரியிலே, வீதியோரத்தில் காகித மடிப்புக்குள் கல்லை வைத்து விலை பேசுவோரிடம் இதனைச் சொன்னால் நகைப்பர். நாம் அவர்களைக் குறைகூறவில்லை. அனுமதிப்பத்திரத்துடன் கமுகந் தடி நட்டுத் தோண்டும் பழைய முறை, வேலை முடிந்தபின் குழியை மூடினால், நிலத்துக்குப் பெருந்தீங்கு செய்வதன்று. பாரிய இயந்திரங்களைக் கொண்டு ஆற்றின் கரையையே புரட்டுவதுதான் கேடு. கைவிட்ட குழிகளில் நீர் தேங்கி நுளம்பு பெருகுவதை வழிநெடுகக் கண்டோம்.

விற்பதற்குக் கல் இல்லாதவர் இம்மாவட்டத்தில் யார் என்ற வினாவும் எழுந்தது. மாலையில் ஒரு தோட்டத்துக்குச் சென்றபோது விடை கிடைத்தது.

நகரிலிருந்து மேலே ஏறினால் முதலில் இறப்பர், பின்னர் தேயிலை. வெள்ளையர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இங்கே லயங்களில் வாழ்கின்றனர். 1948இன் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் ஒப்பந்தம் பலரைக் கப்பலேற்றியது. 1977இலும் 1981இலும் இம்மாவட்டத் தோட்டங்களிற் புகுந்த வன்செயலால் எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தன. 2003இன் சட்டத்தாலேயே எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர்ந்தது. குடியுரிமை வந்தது, காணியுரிமை வரவில்லை. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, அவர்கள் குடியிருக்கும் அறையோ தோட்டத்தினுடையது. லயத்து வாசலில் ஒரு தேநீர்க்கடை வைப்பதானாலும் நிருவாகத்தின் தயவு வேண்டும்.

எமக்கு வழிகாட்டியவன் உயர்தரப் பரீட்சையில் தேறிய இளைஞன். தந்தை இறப்பர்ப் பால் வெட்டுபவர். தாய் கொழுந்து பறிப்பவர். தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் கீழே மாணிக்கக் குழிக்குக் கூலியாகப் போகிறான். குழியிற் கல் அகப்பட்டால் காணிக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், இயந்திரக்காரர், குழியாட்கள் என்று பங்கு பிரியும். இவன் நாட்கூலி, பங்கு இல்லை.

"குழிக்குள் என்னென்ன மண் இருக்கும், தம்பி?" என்று கேட்டோம்.

"மேலே வயல்மண்ணுங்க ஐயா. அதுக்குக் கீழே மஞ்சக் களி. அப்புறம் வெள்ளை மணல் வரும், தண்ணி ஊறும். அதுக்குக் கீழே கறுப்புச் சேறு, அதுல இலை, மரத்துண்டு எல்லாம் அழுகாம அப்படியே கெடக்கும். அந்தக் கறுப்பைத் தாண்டினாத்தான் இல்லம். ஆறு ஒரு காலத்துல அங்கதான் ஓடியிருக்கு போல."

பாடநூலைத் திறந்து வாசித்தது போலிருந்தது. எலும்பு ஏதும் கண்டதுண்டோ என்று கேட்டதற்கு, "ஒருக்கா பெரிய பல்லு ஒண்ணு வந்துச்சுங்க. மாட்டுப் பல்லுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான். எமது மாணவர் ஒருவரையொருவர் பார்த்தனர்.

தமிழும் சிங்களமும் அவனுக்கு ஒன்றுபோல வரும். ஆங்கிலமும் ஓரளவு பேசுகிறான். "உல்லாசப் பயணிகள் இங்கே வருவதில்லையா?" என்றோம். "வருவாங்க ஐயா. அம்மா கொழுந்து எடுக்கிறதைப் படம் புடிப்பாங்க, போயிருவாங்க" என்றான். அவன் குரலிலே கசப்பு இல்லை. எமக்குத்தான் வெட்கமாக இருந்தது. எமது பையிலும் படக்கருவி ஒன்று இருந்தது.

சப்ரகமுவையில் ஒரு புவிப்பூங்கா அமையுமாயின், நகரத்து ஓட்டலும் வாடகை வண்டிக்காரரும் கல் வியாபாரியும் பயன் பெறுவர். அதற்கு யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. கல்லையன்றிக் கதையை விற்கும் தொழில் அது என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நிலம் இல்லாதவனும் நிலத்தைப் பற்றிச் சொல்லலாம். இவன் போன்ற இளைஞரையும் யுவதிகளையும் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் பயிற்றி, மூன்று மொழியிலும் பேசும் வழிகாட்டிகளாக்கினால், குழியிலிருந்து குகைக்கும், குகையிலிருந்து சிவனொளிபாதமலைக்கும் பயணியை அவர்கள் அழைத்துச் செல்வர். பலாபத்தலை வழியாக அம்மலைக்கு ஏறும் பாதையிலே பல நூற்றாண்டுகளாக யாத்திரிகர் நடக்கின்றனர். 2,243 மீற்றர் உயரம் வரை அது ஒரு பாறைப் பாடமே. ஆனால் வழிகாட்டியின் பெயரில் அனுமதிப்பத்திரமும், தோட்டத்துப் பாதைக்கு உரிமையும், கட்டணத்திற் பங்கும் எழுத்திலே இருத்தல் வேண்டும். இல்லையேல், குழியில் நாட்கூலியானவன் பூங்காவிலும் நாட்கூலியாவான். கொழுந்து பறிக்கும் தாய் காட்சிப் பொருளாவாள்.

மறுநாள் கேகாலைப் பக்கம் சென்றோம். அருக்கம்மனையிலுள்ள போகலைக் காரீயச் சுரங்கம் 400 மீற்றருக்கு மேல் ஆழமுடையது. பென்சிலின் உள்ளே இருக்கும் அக்கரிய பொருள் இங்கே பாறை வெடிப்புகளில் நரம்புபோலப் படர்ந்து கிடக்கின்றது. இவ்வளவு தூய நரம்புக் காரீயம் இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் தொழிலாக எடுக்கப்படுவதில்லை. உள்ளே செல்ல எமக்கு வாய்ப்பில்லாமையால் அதுபற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. பின்னவலை யானைகளைக் காணும் கூட்டம் மட்டும் எப்போதும் போலவே இருந்தது.

அரநாயக்கையில் வண்டி தானாகவே மெதுவாயிற்று. விரித்த நூலைப்போற் தோன்றும் பத்தலேகலை மலையை வெள்ளையர் வேதநூற் பாறை என்றனர். அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவருக்கு மறுபக்கத்துச் சாமசர மலையைக் காட்டினோம். 2016 மே 17ஆம் நாள் மாலை, மூன்று நாள் மழைக்குப் பின் அம்மலை சரிந்து, சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே என்னும் மூன்று கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. இரத்தினபுரியும் 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளத்தாலும் சரிவாலும் துன்புற்றது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயல் மலைநாடெங்கும் சரிவுகளை நிகழ்த்திற்று. பாறையை உளுக்கச்செய்து மாணிக்கத்தை விடுவிக்கும் மழையே சரிவையும் தளர்த்துகின்றது. ஆதலின் இம்மண்ணை வாசிக்கக் கற்றல் பயணிக்கு ஒரு பொழுதுபோக்காயினும், சரிவின்மேல் லயங்களில் உறங்குவோர்க்கு உயிர்காப்பு.

இதனை எழுதும்போது முதல்நாள் மாலையின் இறுதி நினைவுக்கு வருகிறது. நாம் விடைபெறும் வேளையில் அவ்விளைஞன் எம்மைத் தன் லயத்தின் பின்புறம் அழைத்துச் சென்றான். மலையை வெட்டி எழுப்பிய அச்சுவரின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு வெடிப்பு ஓடியது. அதன் நுனியிலே பென்சிலாற் கீறிய சிறு கோடு. பக்கத்தில் மாதமும் திகதியும். சற்றுக் கீழே இன்னொரு கோடு, அதற்கும் கீழே மற்றொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி.

"மழை விட்ட ஒவ்வொரு தடவையும் வந்து குறிப்பேன் ஐயா. யாருக்குக் காட்டணும்னுதான் தெரியல" என்றான்.

எமது மாணவன் ஒருவன் தன் அடிமட்டத்தை எடுத்து அளந்தான். மேற்கோட்டைத் தாண்டி வெடிப்பு இன்னும் இரண்டு சதமமீற்றர் சென்றிருந்தது. இளைஞன் பென்சிலை வாங்கிப் புதிய கோட்டைக் கீறி, அன்றைய திகதியை எழுதினான்.